பட்டினி வைத்தியத்திலிருந்து பயறு வரை

உரம், மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்குச் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுகிறேன். காரணம் இருக்குது. கிராமத்துக்குப் போனால் இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. "மாத்திரையை நிறுத்திட்டேனுங்க, இப்போ கேழ்வரகுக் களிதான் மருந்து" என்பார் ஒருவர். "ஊசிதான் போடுறேனே, எதைத் தின்னா என்ன?" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு பேருக்கும் பழைய சரித்திரத்திலே பதில் கிடைக்கிறது.

1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரிஸ் நகரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டது. நாலு மாதத்துக்கு மேல் முற்றுகை. உள்ளே தானியம் வரவில்லை. ஜனங்கள் குதிரை, பூனை, எலி வரைக்கும் அடித்துத் தின்றார்கள். அந்த ஊரில் புஷார்தா என்று ஒரு வைத்தியர். தன்னிடம் வந்த சர்க்கரை நோயாளிகளைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டார். அந்தப் பஞ்சத்திலே அவர்கள் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போயிருந்தது! ரொட்டியைக் குறை, உடம்பை வளைத்து வேலை செய் என்று அவர் சொல்லி வந்ததற்கு முற்றுகையே சாட்சியாகிவிட்டது.

இதையே கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் அமெரிக்காவில் ஆலன் என்ற டாக்டர். 1914 வாக்கில் தொடங்கியது அவருடைய பட்டினி வைத்தியம். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை பட்டினி. பிறகு தாங்குகிற அளவுக்குக் கொஞ்சமாக உணவு. காய்களைக்கூட மூன்று தரம் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தருவார்கள். அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு மருந்தே இல்லாத காலம் அது.

எலிசபெத் ஹியூஸ் என்ற பெண், அமெரிக்க வெளியுறவு மந்திரியின் மகள், அந்தப் பட்டினியிலே மூன்று வருஷம் கிடந்தாள். 1922 ஆகஸ்டில் கனடாவின் டொரோண்டோ நகருக்குக் கொண்டுபோனபோது வயது 15 நிறையப் போகிறது. எடையோ சுமார் 20 கிலோ. நம்ம வீட்டில் ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்த எடை இருக்கும். அந்த ஊரில்தான் பான்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பேர் 1921-இல் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்திருந்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக அந்த ஊசி போடப்பட்டது. எலிசபெத்துக்கும் போட்டார்கள். அந்தப் பெண் உடம்பு தேறி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, 1981 வரை உயிரோடு இருந்தார். கணையம் இன்சுலினையே சுரக்காதவர்களுக்குக் களியும் கஷாயமும் உயிரைக் காக்காது. மற்றவர்களும் மருந்தைக் குறைப்பதென்றால் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

சரி, ஊசி வந்துவிட்டது, சாப்பாட்டுக்கு வேலை இல்லையா? அதே டொரோண்டோவில் 1981-இல் ஜென்கின்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 62 உணவுகளைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மாவுச்சத்தைக் கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி ஏறவில்லை. பயறு வகைகள் மிகவும் மெதுவாகவே ஏற்றின.

உலக்கைக் குத்தல் போய் மில் வந்தபிறகு நம்ம அரிசியில் தவிடும் போய்விட்டது. வெள்ளை அரிசிச் சோறு சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து உண்டு, நார் உண்டு, நல்ல தானியம்தான். ஆனால் அதிலும் மாவுச்சத்துதானே முக்கால் பங்கு? நைசாக அரைத்துக் கூழாக வயிறு முட்டக் குடித்தால் அதுவும் ஏற்றத்தான் செய்யும். சோறோ களியோ, அளவைக் குறைத்து, அந்த இடத்தில் காய், கீரை, சுண்டல் வைக்கணும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பயறு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்க.

இன்னொன்று. ஊசியோ மாத்திரையோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வயலில் இறங்காதீங்க. கை நடுங்கி, வேர்த்து, தலை சுற்றினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போடணும். மடியில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும்.

நெல் அறுப்புக்கு முன்னே அந்த ஈரத்திலேயே உளுந்து, பச்சைப்பயறு தெளிக்கிறோம். விளைந்ததை அப்படியே வியாபாரிக்கு அளந்து கொடுத்துவிட்டு, வீட்டில் வெறும் ரசஞ்சோறு சாப்பிடுகிறோம். இந்தத் தடவை ஒரு மூட்டையாவது வீட்டுக்கு நிறுத்திக்குங்க.