எம்.டி.எஃப். பலகை அறுத்தல்

மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினுடன் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்யப்படும் எம்.டி.எஃப். பலகையை வீட்டிலேயே அளவுக்கு அறுக்கும் முறை. இதில் ரேகை ஓட்டம் இல்லாததால் எந்தத் திசையிலும் ஒரே மாதிரி அறுபடும். ஆனால் உள்ளிருக்கும் பிசின் சாதாரண ரம்பப் பல்லை விரைவில் மழுக்கிவிடும். 18, 25 மி.மீ. தடிமனுக்குக் கார்பைடு முனை வைத்த பிளேடே ஏற்றது.

நேர்வெட்டுக்கு வட்ட ரம்பம் போதும். 7 அங்குல பிளேடில் 40 முதல் 60 பற்கள் இருந்தால் விளிம்பு வழவழப்பாக வரும். பற்கள் கீழிருந்து மேலாக வெட்டுவதால் மேல்முகம்தான் பிசிறும். ஆகவே நல்ல முகத்தைக் கீழ்ப்பக்கம் வைக்க வேண்டும். மேசை ரம்பத்தில் இது தலைகீழ். பலகைக்கு அடியில் தெர்மாகோல் விரித்து, பிளேடு அதில் அரை சென்டிமீட்டர் மட்டும் இறங்குமாறு ஆழத்தை வைத்துக்கொள்ளலாம். அலுமினியச் சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே ரம்பத்தைத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் பிசிறும், நின்று நின்று தள்ளினால் ஓரம் கருகும்.

வளைவுக்கு ஜிக்சா. தடித்த பலகையில் அதன் பிளேடு அடியில் விலகி ஓரம் சாய்ந்துபோகும். கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தை ரூட்டரால் சீவுவதே நல்லது. மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டுவது நம்மூர் வழக்கம். மலிவுதான், கைக்கு ஆபத்து.

தூள் மைதாவைப் போல மெல்லியது. மரத்தூள், ஃபார்மால்டிஹைடு இரண்டையும் புற்றுநோய் உண்டாக்குபவை என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. என்95 முகக்கவசம் அணிந்து, மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில் அறுக்க வேண்டும்.