தொங்கும் விளக்குச் சட்டங்கள்: ஒரு மின்சுற்று வரலாறு

நாடக வரலாறுகளில் விளக்குகளுக்குக் கிடைக்கும் இடம் ஓரிரு பத்திகளே. தீ விபத்து நேர்ந்திருந்தால் சற்றுக் கூடுதல். அவ்வாறு நாம் மீண்டும் மீண்டும் படிக்க நேரும் பெயர் வியன்னாவின் ரிங் அரங்கம்.

1881 டிசம்பர் 8 மாலை. ஆஃபன்பாக்கின் 'ஹாஃப்மனின் கதைகள்' இரண்டாம் முறையாக நிகழவிருந்தது. மேடைக்கு மேலே, தொங்கும் சீலைகளுக்கிடையே, நீண்ட சட்டங்களில் எரிவாயு விளக்குகள் வரிசையாக இருந்தன. அவற்றை மின்பொறியால் பற்றவைக்கும் முதல் முயற்சி பலிக்கவில்லை; அதற்குள் வாயு பரவிவிட்டது. மறு முயற்சியில் தீ சீலைகளைப் பற்றியது. அடுத்து நடந்ததுதான் நம்மை அதிகம் உறுத்துகிறது. வாயுவை அடைத்தார்கள், மேடையோடு பார்வையாளர் பகுதியும் நடைகளும் இருண்டன. ஆபத்துக்கால எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கவில்லை. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 384 பேர்.

இருபது நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, லண்டன் சவாய் அரங்கின் மேடை முழுவதும் ஜோசப் ஸ்வானின் மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்டது. அரங்க உரிமையாளர் டாய்லி கார்ட், எரியும் விளக்கொன்றை மஸ்லின் துணியால் சுற்றி உடைத்துக் காட்டினார், துணி கருகவில்லை. நல்ல வித்தைதான். ஆயினும் எது அணைந்தால் எதெல்லாம் சேர்ந்து அணையும் என்ற வியன்னாவின் கேள்விக்கு அதில் விடையில்லை.

விடை மெல்ல மெல்ல, கம்பி இழுத்தவர்களின் கைகளில் உருவாயிற்று. மின்சட்டங்களில் சிவப்பு, நீலம், வெள்ளை விளக்குகளை மாறி மாறி வைத்து நிறத்துக்கொரு சுற்று அமைத்தார்கள். ஒரு சுற்று போனால் ஒளி குறையும், நிறம் மாறும். மேடையின் ஒரு மூலை மட்டும் இருண்டுவிடாது.

1970களில் ராக் இசைக்குழுக்கள் ஊர் ஊராக எடுத்துச் சென்ற அலுமினிய ட்ரஸ், இக்கணக்கைக் கடினமாக்கியது. 1000 வாட் விளக்குகள் 24 என்று கொள்வோம். 230 வோல்ட்டில், மூன்று ஃபேஸ்களில் சமமாகப் பிரித்தாலும் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 35 ஆம்பியர் ஓடும். ஒரு ஃபேஸை ஒரே பக்கத்துக்குக் கொடுத்தால், அது போகும்போது அப்பக்கம் இருளும். கலந்து கொடுத்தாலோ, பழுது பார்ப்பவரின் இரு கைகளுக்கிடையே 400 வோல்ட் இருக்கும். இரண்டில் எதைத் தேர்வது என்பது, நம் எண்ணத்தில், வெறும் கணக்கன்று. தைரிஸ்டர் டிம்மர்கள் வந்தபின் இன்னொரு விந்தை: மூன்று ஃபேஸ்களும் சமமாக இருந்தும், ஒளியைத் தணிக்கும்போது நியூட்ரல் கம்பியில் மின்னோட்டம் ஏறுகிறது. அதனால் அக்கம்பியை மெலிதாகப் போட்டு மிச்சம் பிடிக்க இயலாது.

ஆறு சுற்றுகளை ஒரே தடித்த கேபிளில் அடக்கும் 19 முனை இணைப்பிகள் பரவலாயின. 24 விளக்குகளுக்கு அத்தகைய கேபிள்கள் நான்கு. ட்ரஸ் கீழிறங்கும் எல்லைவரை அவை எட்ட வேண்டும்; மேலேறும்போது எங்கும் சிக்கக் கூடாது; கேபிளின் எடையை இணைப்பி தாங்கக் கூடாது. எரிவாயுச் சட்டங்களை ஏற்றியிறக்கியோர் வளையும் குழாய்களோடு பட்ட பாடும் இதுவேதான்.

எல்.இ.டி. வந்தபின் ஆம்பியர் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் ட்ரஸ்ஸை ஏற்றும் மோட்டார்களுக்குத் தனி வழி வேண்டும். விளக்கை அணைத்தால் மோட்டார் பாதி வழியில் நிற்கக் கூடாது. வெளியேறும் வாயில்களின் விளக்குகளோ இவ்வரைபடத்துக்குள் வருவதே இல்லை. அவை வேறொரு சுவரில், தம் சொந்த மின்கலத்தோடு இருக்கின்றன.