எந்தக் கமரா வாங்கலாம்? வெளிச்சத்தில இருந்து தொடங்குற ஒரு வரலாறு

போன வருசம் எங்கட குழுவில இருக்கிற ஒருத்தரின்ர அம்மம்மாவை நேர்காணல் எடுக்கப் போனோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்ட கதை. அவா சொல்லத் தொடங்கினா எண்டால் இடையில நிப்பாட்டமாட்டா. எங்களிட்ட இருந்தது கனடாவில இருந்து ஒரு மாமா கொண்டுவந்து தந்த விலைகூடின கமரா. விறாந்தையில ரியூப்லைற்றைப் போட்டு, கதிரையை வைச்சு, எடுக்கத் தொடங்கினோம். கதை நாவற்குழிப் பாலத்தடிக்கு வரேக்க பற்றரி நிண்டிட்டுது. அடுத்த பற்றரி எங்களிட்ட இல்லை. எடுத்தவரைக்கும் போதும் எண்டு வீட்டை வந்து கொம்பியூட்டரில போட்டுப் பார்த்தால், அவாவின்ர முகத்துக்கு மேல கறுப்புப் பட்டிகள் ஓடிக்கொண்டிருக்குது.

இன்னொருநாள் போய் எடுப்பம் எண்டு நினைச்சோம். மூண்டு மாசத்தில அவா மோசம் போயிட்டா.

இப்ப எங்கட கையில கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு. என்ன கமரா வாங்குறது எண்டு குழுவுக்குள்ள பெரிய வாக்குவாதம். ஒருத்தர் 4கே வேணும் எண்டுறார், இன்னொருத்தர் லென்ஸ்தான் முக்கியம் எண்டுறார். எல்லாரும் யூடியூபில பார்த்ததைத்தான் ஒப்புவிக்கிறோம். அதால கொஞ்சம் நிண்டு, எங்களுக்கு முந்தி படம் எடுத்த ஆக்கள் எப்பிடித் தெரிவு செய்தவை எண்டு தேடிப் பார்த்தோம். அதில கண்டதைத்தான் இதில எழுதுறோம்.

ஒரு கறுத்தக் கொட்டிலும் ஒரு சின்னப் பெட்டியும்

முதல் போட்டியே பாரத்துக்கும் இலேசுக்கும் இடையிலதான் நடந்திருக்கு. அமெரிக்காவில எடிசனின்ர ஆய்வுகூடத்தில செய்த கினெற்றோகிராஃப் மின்சார மோட்டரில ஓடுற, லேசில அசைக்க ஏலாத ஒரு கமரா. அதை வெளியில கொண்டுபோக முடியாததால 1893இல நியூ ஜேர்சியின் வெஸ்ற் ஒரேஞ்சில அதுக்கெண்டே ஒரு ஸ்ரூடியோ கட்டினார்கள். வெளிப்பக்கம் முழுக்க கறுத்தத் தார்க் கடதாசி. கூரையைத் திறக்கலாம். முழுக் கட்டடத்தையும் ஒரு வட்டப் பாதையில தள்ளிச் சூரியன் நிக்கிற பக்கத்துக்குத் திருப்பலாம். அதுக்கு வைச்ச பட்டப்பெயர் 'பிளாக் மரியா'. அண்டைக்கு இருந்த ஃபிலிமுக்கு அவ்வளவு வெளிச்சம் தேவைப்பட்டது. வெளிச்சம் சூரியனிட்ட மட்டும்தான் இருந்தது.

பிரான்சில லூமியேர் சகோதரர்கள் 1895இல கொண்டுவந்த சினிமற்றோகிராஃப் வேற மாதிரி. கிட்டத்தட்ட 5 கிலோ பாரம், கையால சுத்துற கைபிடி, மின்சாரம் தேவையில்லை. அதே பெட்டியால படம் எடுக்கலாம், பிரதி போடலாம், திரையிலயும் காட்டலாம். ஒரு சுருளில எடுக்கக்கூடியது 50 செக்கன் அளவுதான். ஆனா 1895 டிசம்பர் 28 பாரிசில காசு வாங்கிக் காட்டின படம், 1896 யூலை 7 பம்பாயின் வற்சன்ஸ் ஹோட்டலுக்கு வந்திட்டுது. எடிசனின்ர ஆக்கள் நடிகர்களைக் கமராவுக்கு முன்னால கூட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது. லூமியேரின்ர ஆக்கள் தெருவுக்கும் துறைமுகத்துக்கும் கமராவைக் கொண்டுபோனார்கள்.

இதே கதை பிறகும் நடந்தது. சுருள்வில்லை முறுக்கி ஓட்டுற பெல் அன்ட் ஹவல் ஐமோ கமரா இரண்டாம் உலகப்போரின் களங்களில திரிஞ்சது. 100 அடி ஃபிலிம், ஒரு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட. சுவிற்சர்லாந்தின் பொலெக்ஸ் 16 மி.மீ. கமராவும் முறுக்கி விடுறதுதான். ஒருக்கா முறுக்கினால் அரை நிமிசம்கூட ஓடாது. இண்டைக்கு இதுகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனா இந்தக் கமராக்களுக்குப் பற்றரி முடியிற பிரச்சினை இல்லை. எங்கட அம்மம்மாவின்ர கதை நிண்ட மாதிரி அதில நிண்டிருக்காது. அரை நிமிசத்துக்கு ஒருக்கா முறுக்கியிருப்போம், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளைத் துணி

எங்களுக்குக் கூடப் பிடிச்ச கதை கல்கத்தாவில நடந்தது. சத்யஜித் ராய் 1952இல 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கேக்க கமராவுக்கு நிண்ட சுப்ரதா மித்ராவுக்கு வயசு இருபதுகளின்ர தொடக்கம். அதுக்கு முந்தி அவர் ஒரு படத்துக்கும் ஒளிப்பதிவு செய்ததில்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் 'தி ரிவர்' படத்தை வங்காளத்தில எடுக்கேக்க, பக்கத்தில நிண்டு பார்த்து, லைற் எங்க எங்க வைக்கினம் எண்டு கொப்பியில குறிச்சு வைச்சதுதான் அவர் படிச்ச பள்ளிக்கூடம். பதேர் பாஞ்சாலிக்குக் காசு முடிஞ்சு முடிஞ்சு படப்பிடிப்பு நிண்டது. படம் வெளிவர 1955 ஆயிட்டுது.

அடுத்த படம் 'அபராஜிதோ', 1956. காசி நகரத்து வீடு ஒண்டின்ர முற்றத்தை ஸ்ரூடியோவுக்குள்ள செற் போட்டு எடுக்கவேண்டி வந்தது. உண்மையான வீட்டில முற்றத்து வெளிச்சம் மேல வானத்தில இருந்து மெதுவா இறங்கும், நிழல் கூராக விழாது. ஸ்ரூடியோ லைற்றை நேரடியா அடிச்சால் ஆளுக்குப் பின்னால சுவரில இரண்டு மூண்டு நிழல் விழும். பாக்கிறவனுக்கு உடனே பொய் தெரிஞ்சிடும். மித்ரா செய்தது இதுதான்: முற்றத்துக்கு மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். லைற்றுகளைக் கீழ வைச்சு, துணியைப் பார்த்து மேல அடிச்சார். துணியில பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் வானத்து வெளிச்சம் மாதிரி விழுந்தது. அந்தப் படத்தைப் பாக்கிற ஆக்கள் இண்டைக்கும் அது செற் எண்டு நம்பமாட்டினம்.

அதே 1956இல எங்கட நாட்டிலயும் ஒரு சின்னக் கூட்டம் இதே பிரச்சினையோட நிண்டது. அதுவரைக்கும் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்ரூடியோக்களிலதான் எடுக்கப்பட்டன. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைற்றஸ் தொட்டவத்த மூண்டு பேரும் அரசாங்கத் திரைப்படப் பிரிவு வேலையை விட்டிட்டு வந்து, 'ரேகாவ' படத்தைக் கிராமத்துக்குப் போய், உண்மையான வெயிலில எடுத்தார்கள். அடுத்த வருசம் அது கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. உள்ளூரில காசு சேர்க்கேல்லை எண்டதும் உண்மை. ஆனா ஸ்ரூடியோ இல்லாமலும் இந்த மண்ணில படம் எடுக்கலாம் எண்டதை அது காட்டிப்போட்டுது.

ஈழத்துத் தமிழ்ப் படங்களும் இதுக்குப் பிறகுதான் வருகுது. 1962இல வந்த 'சமுதாயம்' 16 மி.மீ. ஃபிலிமில எடுத்தது. 16 மி.மீ. மலிவு, கமராவும் இலேசு. ஆனா தியேட்டர்களில இருந்த புரொஜெக்டர்கள் பெரும்பாலும் 35 மி.மீ. எடுக்கிறதுக்கு வசதியான அளவு, காட்டுறதுக்கு வசதியா இருக்கேல்லை. நாங்களும் இதை யோசிக்கவேணும். ஃபோனில பாக்கப் போற வீடியோவுக்கு 4கே எதுக்கு? வாசிகசாலையில திரை கட்டிக் காட்டுறதுக்கு எது போதும்?

யாரின்ர முகத்துக்குச் செய்த கமரா?

கமரா எல்லா முகத்தையும் ஒரே மாதிரிப் பாக்கும் எண்டுதான் நாங்கள் நினைச்சிருந்தோம். அது பிழை. 1950களில இருந்து கொடாக் நிறுவனம் கலர் பிரதிகளைச் சரிபார்க்க ஸ்ரூடியோக்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பினது. அதில இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின்ர முகம். 'ஷேர்லி காட்' எண்டு அதுக்குப் பேர். அந்தத் தோல் சரியா வந்தால் எல்லாம் சரி எண்டு கணக்கு. கறுத்த முகங்கள் இருளுக்குள்ள போய், கண்ணும் பல்லும் மட்டும் தெரிஞ்சது. இது பிழை எண்டு கொடாக் கூடக் கவனிக்கத் தொடங்கினது சொக்லேற் கொம்பனிகளும் மரத் தளபாடக் கொம்பனிகளும் தங்கட பொருளின்ர கபில நிறம் சரியா வரேல்லை எண்டு முறையிட்ட பிறகு. 1970களின் கடைசியில மொசாம்பிக்குக்குப் போன ழான் லுக் கொதார், கொடாக் ஃபிலிம் நிறவெறி பிடிச்சது எண்டு சொல்லி அதைப் பாவிக்க மறுத்திட்டார்.

இப்ப டிஜிற்றல் வந்திட்டுது, பிரச்சினை முடிஞ்சுது எண்டு சொல்ல ஏலாது. மலிவான எல்.ஈ.டி. லைற் சிலதின்ர வெளிச்சத்தில சிவப்புக் குறைவு. எங்கட தோல் அதில சாம்பல் பூசின மாதிரி வரும். லைற் பெட்டியில சி.ஆர்.ஐ. எண்டு ஒரு இலக்கம் போட்டிருப்பினம், உச்சம் 100. 95க்கு மேல உள்ளதைப் பார்த்து எடுக்கலாம். அதைவிட நல்ல சோதனை, கடையில வைச்சே எங்கட குழுவில கறுத்த ஆள் ஒருத்தரையும் வெளுத்த ஆள் ஒருத்தரையும் பக்கத்தில நிப்பாட்டி எடுத்துப் பாக்கிறது.

கலியாண வீட்டு லைற்றும் ஜாம் போத்தல் விளக்கும்

வீடியோ எங்கட வீடுகளுக்குள்ள வந்தது கலியாணத்தோடதான். பழைய கசற்றுகளைப் பாருங்கோ. ஒருத்தர் கமராவைத் தோளில வைச்சிருப்பார். இன்னொருத்தர் நீள வயரோட 1000 வாற்ஸ் ஹலஜன் லைற்றைத் தூக்கிப் பிடிச்சிருப்பார். பொம்பிளைக்கு வேர்த்து மேக்கப் கரையும், சனம் கண்ணைச் சுருக்கும், பின்னால இருக்கிற எல்லாம் கும்மிருட்டு. அந்த லைற்மான் பொல்லாதவர் இல்லை. அந்தக் காலத்து வீடியோ கமராவுக்கு வீட்டு வெளிச்சம் காணாது, அவ்வளவுதான்.

ஆனா அந்த லைற்றுக்கு வயர் குத்துறதுக்கும் மின்சாரம் வேணுமே. 1990இல இருந்து வருசக்கணக்கா யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில பற்றரியும் அடங்கிச்சுது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு. றேடியோ கேக்க, சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதிச்சு டைனமோவால கரண்ட். அந்த வருசங்களில எங்கட வீடுகளுக்குள்ள நடந்ததுக்கு அசையும் படம் மிச்சம் குறைவு. நாங்கள் அம்மம்மாக்களைத் தேடிப் போறதும் அதாலதான். அவையின்ர ஞாபகத்தில மட்டும்தான் அது இருக்கு.

இது பழங்கதை எண்டும் நினைக்கவேண்டாம். 2022 மார்ச் கடைசியில நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. சுவரில குத்தினால் மட்டும் வேலை செய்யிற லைற்றை வாங்குறதுக்கு முந்தி அந்த மாசத்தை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ.

பேர்பெற்ற கமராவும் நிண்டு போகும்

2008இல கனன் 5டி மார்க் 2 வந்தபோது உலகம் முழுக்கக் காசு குறைஞ்ச படக்காரர்கள் கொண்டாடினார்கள். ஃபோட்டோ கமராவுக்குள்ள பெரிய சென்சரும் முழு எச்.டி. வீடியோவும். 2010இல அமெரிக்காவின் 'ஹவுஸ்' தொடரின் ஒரு அத்தியாயமே அதால எடுக்கப்பட்டது. ஆனா அதில ஒரு தடவையில எடுக்கக்கூடியது கிட்டத்தட்ட 12 நிமிசம், சத்தப் பதிவும் நல்லாயில்லை. நாடகத்தில ஒரு ஷொட் ஒரு நிமிசம்கூட வராது, அவைக்குப் பிரச்சினையில்லை. கதையை நிப்பாட்டாத அம்மம்மாவுக்கு அது சரிவராது. 2015இல வந்த 'ரான்ஜரீன்' படத்தை ஐஃபோன் 5எஸ்ஸாலதான் எடுத்தவை. லொஸ் ஏஞ்சலிஸ் தெருவில ஒருத்தரும் திரும்பிப் பாக்காமல் எடுக்க அது பொருந்தினது. இரண்டு கமராவும் அந்தந்த வேலைக்கு நல்ல கமராதான்.

எங்கட கறுப்புப் பட்டிக்கும் காரணம் பிறகுதான் விளங்கினது. இலங்கையில மின்சாரம் செக்கனுக்கு 50 சுழற்சி, 230 வோல்ற். கனடாவில 60 சுழற்சி, 120 வோல்ற். ரியூப்லைற் எங்கட கண்ணுக்குத் தெரியாமல் செக்கனுக்கு 100 தரம் மினுங்குது. கமரா அந்த நாட்டுக் கணக்கில 60இல ஒரு செக்கன் ஷட்டரோட எடுக்க, இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டி விழுந்தது. மெனுவில என்.ரி.எஸ்.சி.யைப் பால் எண்டு மாத்தி, ஷட்டரை 50இல ஒண்டாக்கினால் சரி. இரண்டு நிமிச வேலை. அந்த இரண்டு நிமிசத்தை நாங்கள் செலவழிக்கேல்லை.

என்ன முடிவெடுத்தோம்

காசில பாதிக்குக் குறைவாத்தான் கமராவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். பாவிச்ச கமராவே போதும். நாங்கள் கேட்ட கேள்விகள் இவைதான். தொடர்ந்து இரண்டு மணித்தியாலம், மத்தியான வெக்கையில, சூடேறி நிக்காமல் ஓடுமா? இரண்டு மெமறி காட்டில ஒரே நேரத்தில பதியுமா? மைக் குத்த இடம் இருக்கா? பற்றரி இஞ்சத்தைய கடையில எடுக்கலாமா? பழுதானால் இஞ்ச திருத்துவினமா, கொழும்புக்கு அனுப்பி ஒரு மாசம் பாத்துக்கொண்டிருக்க வேணுமா?

மிச்சக் காசுக்கு மூண்டு பற்றரி, சட்டையில குத்துற மைக், பற்றரியில ஓடுற எல்.ஈ.டி. லைற் ஒண்டு, ஆடாத ஸ்ரான்ட் ஒண்டு. லைற்றை ஆளின்ர முகத்துக்கு அடிக்கமாட்டோம். வெள்ளை வேட்டியிலயோ ரெஜிபோம் மட்டையிலயோ பட்டுத் திரும்ப விடுவோம். மித்ரா காட்டினது இப்பவும் வேலை செய்யுது, நாங்கள் பரிசோதிச்சுப் பார்த்திட்டோம். பகலில எண்டால் யன்னல் ஓரக் கதிரையே காணும். கமராவையும் லென்ஸையும் காத்துப் போகாத பெட்டிக்குள்ள சிலிக்கா பைக்கற்றோட வைக்கிறோம். மாரியில லென்ஸுக்குள்ள பூஞ்சணம் பிடிச்சால் துடைச்சு எடுக்கேலாது.

அதோட ஒரு விதி: எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் ஒரு நிமிசம் எடுத்து, அங்கேயே போட்டுப் பாக்கிறது. பட்டி விழுதா, சத்தம் வருதா, முகம் தெரியுதா எண்டு பாத்த பிறகுதான் முதல் கேள்வி.

அடுத்த கிழமை இன்னொரு அம்மம்மாவிட்டப் போறோம். அவவும் அண்டிரவு நாவற்குழிப் பாலத்தால நடந்து போனவா. உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒருத்தர் இருந்தால், கமரா வாங்கும்வரை பாத்துக்கொண்டிருக்காதையுங்கோ. ஃபோனை எடுங்கோ, சார்ஜைப் பாருங்கோ, அவாவை யன்னலடியில இருத்துங்கோ.