ஸூல் நகரின் வேட்டைத் துப்பாக்கிகள்: செய்தவரும் காலமும்

பழைய ஜெர்மன் இரட்டைக்குழல் துப்பாக்கியின் மேற்பட்டையில் ஒரு பெயர் பொறித்திருந்தாலும் அது செய்தவரின் பெயர்தான் என்று நம்பிவிட முடியாது. இரு குழல்களையும் மேலே இணைக்கும் அந்தப் பட்டையில் பெரும்பாலும் காணப்படுவது பெர்லினிலோ ஹாம்பர்க்கிலோ கடை வைத்திருந்த ஒரு வணிகரின் பெயர். துப்பாக்கி உருவான இடம் பெரும்பாலும் துரிங்கியாக் காட்டின் ஓரத்தில் உள்ள ஸூல் என்ற சிறு நகரம். அதைச் செய்தவை பல வீடுகளில் இருந்த பல கைகள். அவற்றின் தடயங்கள் குழல்களைக் கழற்றிக் கவிழ்த்தால்தான் கண்ணில் படும்.

ஸூலைத் துப்பாக்கி நகரமாக்கியவை இரும்புத்தாதுச் சுரங்கங்களும், கரி சுடுவதற்கான காடும், சம்மட்டிகளை இயக்கிய ஓடைகளும். 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கே குழல் அடிக்கும் கொல்லர்கள் பெருகியிருந்தார்கள். அப்போது நகரம் ஹென்னபெர்க் பிரபுக்களின் ஆட்சியில் இருந்தது. அவர்களுடைய சின்னம் கோழி. மிகப் பழைய ஸூல் குழல்களில் நகரப் பெயரின் சுருக்கத்தோடு ஒரு கோழி முத்திரையும் இருப்பது அதனால்தான். முப்பதாண்டுப் போரின்போது, 1634இல், பேரரசுத் தளபதி இசோலானியின் படை நகரை எரித்தது. நகரம் மீண்டும் எழுந்தது, தொழிலும் எழுந்தது. பின்னர் சாக்சனியின் கீழ் வந்து, 1815இல் பிரஷ்யாவின் கைக்குப் போனது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஸெல்லா, மெஹ்லிஸ் என்ற ஊர்களும் துப்பாக்கி ஊர்களே. ஆனால் அவை வேறொரு சிற்றரசுக்குள், கோத்தா பிரபுவின் எல்லைக்குள் இருந்தன. 1919இல் இரண்டும் இணைந்து ஸெல்லா-மெஹ்லிஸ் ஆயின. சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு அரசுச் சோதனைச் சாலைகள் இயங்கியதற்கு இந்தப் பழைய எல்லைக்கோடும் ஒரு காரணம்.

தொழில் நடந்த விதத்தைப் புரிந்துகொள்ளாமல் முத்திரைகளைப் படிப்பதில் பயனில்லை. குழல் செய்பவர் குழல் மட்டும் செய்தார். பூட்டுப் பகுதியை அரம் போட்டுப் பொருத்துபவர் வேறு. வாதுமை மரத்தில் பின்கட்டை செதுக்குபவர் வேறு. எஃகின் மேல் மானையும் ஓக் இலைகளையும் செதுக்குபவர் வேறு. பலர் தங்கள் வீட்டுச் சன்னலோரத்தில் பட்டறை போட்டு, பெரிய நிறுவனங்களுக்குத் துண்டு வேலை செய்து கொடுத்தார்கள். பெயர் பொறிக்காத, மெருகேற்றாத துப்பாக்கிகள் வணிகர்களுக்கு விற்கப்பட்டன. வணிகர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். ஆகவே ஒரே கையிலிருந்து வந்த இரண்டு துப்பாக்கிகள் இரண்டு நகரங்களின் பெயரைச் சுமந்து நிற்பதில் வியப்பில்லை. குழல்களின் அடிப்பக்கத்திலும் முன்கட்டை மறைக்கும் இடத்திலும் இரண்டு மூன்று எழுத்துகள் மிகச் சிறியதாகக் குத்தியிருக்கும். பெரும்பாலும் அவை குழல் செய்தவரின் அல்லது பூட்டைப் பொருத்தியவரின் பெயர் முதலெழுத்துகள். மேற்பட்டையில் தங்கத்தில் மின்னும் வணிகர் பெயரைவிட இந்தச் சிறு எழுத்துகளே உண்மையான கையொப்பம்.

தம் பெயரிலேயே துப்பாக்கி செய்த நிறுவனங்களும் உண்டு. ஜே.பி. ஸாவர் 1751 முதல் இருப்பது. கையில் தடி ஏந்திய காட்டு மனிதனின் உருவமே அதன் வணிகச் சின்னம். சி.ஜி. ஹேனல் 1840இலும், க்ரீக்ஹோஃப் 1886இலும், மெர்கெல் சகோதரர்கள் 1898இலும் தொடங்கினர். ஒரு குழலுக்கு மேல் இன்னொன்றாக அடுக்கிய துப்பாக்கிகளால் மெர்கெல் உலகப் புகழ் பெற்றது.

இவற்றில் ஸிம்ஸன் நிறுவனத்தின் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 1856இல் லோப், மோசஸ் என்ற இரண்டு யூதச் சகோதரர்கள் ஸூலில் ஓர் இரும்புப் பட்டறையின் பங்கை வாங்கித் தொடங்கியது அது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் படைக்குத் துப்பாக்கி வழங்க அனுமதி பெற்ற நிறுவனமாக அது வளர்ந்தது. நாஜி ஆட்சி வந்ததும், 1930களின் நடுவில், தொழிற்சாலை அந்தக் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டது. குடும்பத்தினர் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. அதன் பிறகு தொழிற்சாலை பெர்லின்-ஸூல் ஆயுத நிறுவனம் என்ற பெயரிலும், பின்பு குஸ்ட்லோஃப் என்ற பெயரிலும் இயங்கியது. ஒரு துப்பாக்கியின் மேல் இந்த மூன்று பெயர்களில் எது இருக்கிறது என்பது அதன் காலத்தை மட்டுமன்றி, அந்த நேரத்தில் தொழிற்சாலை யார் கையில் இருந்தது என்பதையும் காட்டிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியில் ஸிம்ஸன் என்ற பெயர் மறுபடியும் பயன்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

செய்தவர் பெயர் என்று தவறாகப் படிக்கப்படுவன சில உண்டு. முதலாவது க்ருப். குழலின் மேல் 'க்ருப் எஸ்ஸென்' என்ற சொற்களும் பின்னிய மூன்று வளையங்களும் இருந்தால், எஸ்ஸென் நகரின் க்ருப் ஆலை அந்தத் துப்பாக்கியைச் செய்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். குழலுக்கான எஃகு அங்கிருந்து வந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. மூன்று வளையங்கள் ரயில் சக்கரங்களுக்கு க்ருப் செய்த இணைப்பில்லா எஃகுப் பட்டைகளைக் குறிப்பவை. 'கெஸெட்ஸ்லிஹ் கெஷுட்ஸ்ட்' என்பதும் ஆள் பெயரல்ல. 'சட்டப்படி காக்கப்பட்டது' என்பதே அதன் பொருள். 'டி.ஆர்.பி.' என்ற எழுத்துகள் 1877இல் வந்த பேரரசுக் காப்புரிமையைக் குறிக்கும், 'டி.ஆர்.ஜி.எம்.' என்பது 1891இல் வந்த சிறு கண்டுபிடிப்புப் பதிவைக் குறிக்கும். ஆக, இந்த எழுத்துகள் உள்ள துப்பாக்கி அந்தந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. 'மேட் இன் ஜெர்மனி' என்ற சொற்களும் இத்தகையவையே. 1887இல் பிரிட்டன் இயற்றிய சரக்குக் குறிச் சட்டத்தோடு அவை ஏற்றுமதிப் பொருள்களில் பரவின.

காலத்தை நிச்சயமாகச் சொல்லத் தொடங்குவது அரசு முத்திரைதான். ஒவ்வொரு குழலிலும் வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, தாங்கியதற்கு மட்டும் முத்திரை குத்த வேண்டும் என்று 1891 மே 19இல் ஜெர்மன் பேரரசு சட்டம் இயற்றியது. 1893 ஏப்ரல் 1இல் அது நடைமுறைக்கு வந்தது. முத்திரைகள் எளியவை: மேலே ஒரு கிரீடம், கீழே ஓர் எழுத்து. கிரீடமும் 'யு'வும் வெடிச் சோதனைக்குப் பின் நடந்த ஆய்வைக் குறிக்கும். 'எஸ்' என்றால் ரவைத் தோட்டாவுக்கான வழவழப்பான குழல். 'டபிள்யூ' என்றால் முனையில் குறுகும் குழல். 'ஜி' என்றால் உட்புறம் திருகுவரி வெட்டிய குழல். 'வி' முத்திரை, சட்டம் வந்தபோதே கடைகளில் இருப்பில் கிடந்த துப்பாக்கிகளுக்கு இட்டது. அதைக் கண்டால் துப்பாக்கி சட்டத்துக்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம். எந்த அரசு முத்திரையும் இல்லாத துப்பாக்கி 1893க்கு முன் செய்யப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். புகையில்லா மருந்துக்கான கிரீடமும் 'என்' எழுத்தும் 1911 வாக்கில் சேர்ந்தன.

எண்களே மிகுந்த குழப்பம் தருபவை. குழலின் அகலம் பழைய ஈயக் கணக்கில் சொல்லப்பட்டது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை நுழையும் குழல் பன்னிரண்டாம் எண். அதன் அகலம் சுமார் 18.5 மி.மீ. பதினாறாம் எண் 16.8 மி.மீ.; ஜெர்மன் வேட்டைக்காரர்கள் பெரிதும் விரும்பிய அளவு அது. வட்டத்துக்குள் 12 அல்லது 16 இருந்தால் அது தோட்டா அறையின் அளவு. அதன் அருகே 13/1 என்பது போன்ற பின்னம் நின்றால், குழலின் உட்புறம் பதின்மூன்றாம் எண்ணைவிடச் சற்று அகலம், பன்னிரண்டாம் எண்ணைவிடக் குறுகல் என்று படிக்க வேண்டும். துப்பாக்கியின் வரிசை எண்ணாகவோ தேதியாகவோ இதை எடுத்துக்கொள்பவர் ஏமாந்துவிடுவார். இந்தப் பின்னங்கள் 1891 சட்டத்தின் தொடக்கக் காலத்தைக் காட்டுபவை. பின்பு மில்லிமீட்டர் அளவுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

உண்மையான தேதியும் குழலில் இருக்கலாம். ஸூல் சோதனைச் சாலை மாதத்தையும் ஆண்டையும் குத்துவது 1920, 30களில் வழக்கம். 10.28 என்றால் 1928 அக்டோபர். சில நேரம் புள்ளி தேய்ந்து 1028 என்று மட்டும் தெரியும். இது சோதனை நடந்த நாளே தவிர விற்ற நாள் அல்ல. இரண்டுக்கும் இடையே சில மாதங்கள், சில வேளை அதற்கு மேலும் கழிந்திருக்கும். 1939இல் வந்த புதிய சட்டத்தோடு 1940 ஏப்ரலில் கிரீடங்கள் மறைந்தன. அவற்றின் இடத்துக்குக் கழுகு வந்தது.

போருக்குப் பின் கதை இரண்டாகப் பிரிகிறது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஸூலுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டு கோடையில் நகரம் சோவியத் வசம் போனது. மக்களிடம் இருந்த துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாகக் கொண்டுபோனவையே இன்று அமெரிக்காவில் உள்ள பழைய ஜெர்மன் துப்பாக்கிகளில் பல. ஸாவர் எக்கெர்ன்ஃபூர்டேக்கும், க்ரீக்ஹோஃப் உல்முக்கும் இடம்பெயர்ந்தன. ஆகவே ஸாவர் துப்பாக்கியில் ஸூல் என்றிருந்தால் பெரும்பாலும் அது போருக்கு முந்தியது. மேற்கு ஜெர்மனியில் 1952இல் தொடங்கிய முறையில் ஒவ்வொரு சோதனைச் சாலைக்கும் தனிச் சின்னம் கிடைத்தது: உல்முக்கு மான்கொம்பு, கீலுக்கு ஓக் இலை, பெர்லினுக்குக் கரடி. ஆண்டு இரண்டு எழுத்துகளில் மறைந்திருக்கும். 'ஏ' சுழியம், 'பி' ஒன்று என்று எண்ணிக்கொண்டே போய், 'ஜே'யை விட்டுவிட்டு, 'கே'யை ஒன்பதாக வைத்தால் விடை வந்துவிடும். 'எச்'சும் 'ஐ'யும் 1978.

முத்திரை தேய்ந்துபோன துப்பாக்கியில் அமைப்பைப் பார்க்க வேண்டும். தோட்டாவின் பக்கவாட்டிலிருந்து ஊசி நீட்டிய வகை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சுத்திகளை உள்ளே மறைத்த ஆன்சன்-டீலி அமைப்பு 1875இல் இங்கிலாந்தில் பிறந்தது; அது உள்ள துப்பாக்கி அதற்கு முற்பட்டதல்ல. மறுதிசையில் இந்தக் கணக்கு செல்லாது. வெளியே சுத்தி தெரியும் துப்பாக்கிகளை ஸூல் பட்டறைகள் 20ஆம் நூற்றாண்டிலும் செய்து விற்றன. இரண்டு ரவைக் குழல்களோடு ஒரு திருகுவரிக் குழலும் சேர்ந்த ட்ரிலிங் என்ற முக்குழல் துப்பாக்கி, 1878இல் மியூனிக்கின் பீட்டர் ஓபர்ஹாமர் காப்புரிமை பெற்ற பின் ஜெர்மன் காட்டின் அடையாளமே ஆனது.

இவை அனைத்தையும் ஒரே துப்பாக்கியில் வைத்துப் பார்க்கலாம். மேற்பட்டையில் பெர்லின் வணிகர் பெயர், குழலில் க்ருப்பின் வளையங்கள், அடியில் கிரீடத்தோடு 'யு', 'எஸ்', 'டபிள்யூ', 17/1 என்ற பின்னம், வட்டத்துக்குள் 16, 'என்' முத்திரை இல்லை, தேதியும் இல்லை. இது பதினாறாம் எண் துப்பாக்கி, 1893க்கும் ஏறக்குறைய 1911க்கும் இடையில் சோதிக்கப்பட்டது, எஃகு எஸ்ஸெனிலிருந்து வந்தது, விற்றவர் பெர்லின்காரர். செய்தவரைத் தேட முன்கட்டைக்கு அடியில் உள்ள இரண்டு எழுத்துகளிடம்தான் போக வேண்டும். தோட்டா அறையையும் அளக்க வேண்டும்: அக்காலத்து அறை பொதுவாக 65 மி.மீ. நீளம். இன்றைய 70 மி.மீ. தோட்டா அதில் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது விரிய இடம் போதாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அறை 70 மி.மீ. நீளம் இருந்தால், பிற்காலத்தில் யாரோ அதைக் கடைந்து நீட்டியிருக்கக்கூடும். அப்படி நீட்டிய பின் மறுசோதனை நடந்திருந்தால், அதற்கான முத்திரை பழைய கிரீடங்களுக்கு அருகிலேயே இருக்கும்.