அமெரிக்க மாணவர் விசாவும் கோடைகால இடைவெளியும்

எஃப்-1 விசாவில் அமெரிக்கா சென்று படிக்கும் வெளிநாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் தம் துறையில் 12 மாதங்கள் வேலை பார்க்கலாம். ‘ஓபிடி’ எனப்படும் இந்தச் செய்முறைப் பயிற்சி ஏற்பாடு, 1992இல் குடிவரவுத் துறை வகுத்த விதி. அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அன்று. அதற்கு மேலும் வேலையில் நீடிக்கப் பெரும்பாலோர் நாடுவது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான எச்-1பி விசாவை.

சிக்கல் நாட்காட்டியில் இருந்தது. எச்-1பிக்கு ஏப்ரலில் விண்ணப்பித்தாலும் அக்டோபர் 1 அன்றுதான் வேலையில் சேர முடியும். மே மாதம் பட்டம் பெற்றவரின் ஓபிடியோ அடுத்த கோடையிலேயே முடிந்துவிடும். விசா உறுதியானவர்கூட இடைப்பட்ட மாதங்களில் வேலையை விட்டு, சிலர் நாட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது. விசா உறுதியாவதும் எளிதன்று. ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்குத் தனியாக 20,000 என்பதே வரம்பு. 2007 ஏப்ரலில் முதல் நாளிலேயே பொது வரம்பை மீறி விண்ணப்பங்கள் குவிந்ததால் குலுக்கல் நடத்தினர்.

2008 ஏப்ரலில் வந்த விதி அந்த இடைவெளியை அடைத்தது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டதாரிகளுக்கு மேலும் 17 மாதங்கள் கொடுத்தது. ஆனால், பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் அவசரமாக வெளியிடப்பட்டது என்று சொல்லி, 2015 ஆகஸ்டில் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பு அன்றே அமலாகியிருந்தால் ஆயிரக்கணக்கானோரின் வேலை பறிபோயிருக்கும். நீதிபதி அவகாசம் அளித்ததால் தப்பினர். 2016 மே 10 முதல் நடப்புக்கு வந்த புதிய விதி 17 மாதங்களை 24 ஆக்கியது. வேலையின்றி இருக்கும் நாட்களுக்கும் கணக்கு உண்டு: முதல் 12 மாதங்களில் 90, நீட்டிப்பையும் சேர்த்தால் 150.