ஓராண்டு உரிமத்தில் என்ன மண் வளரும்?
மலேசியாவின் கேமரன் மலையில் 1929இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம், அரசிடம் பெருநிலம் பெற்றுத் தமிழர் உழைப்பில் வளர்ந்தது. சிறு காய்கறி விவசாயிகள் பலருக்கோ ஆண்டிறுதியில் காலாவதியாகும் தற்காலிக உரிமமே வாய்த்தது. இயற்கை வேளாண்மை அங்கே வேர்பிடிக்கத் திணறுவதற்கு விவசாயியின் பேராசையே காரணம் என்பது எளிய தீர்ப்பு. ஆனால் மண்ணைத் தேற்றப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த ஜனவரி நிச்சயமில்லாதவர் தொழுவுரத்தில் பணம் போடுவாரா?

ஜப்பானில் 1970களில் பரவிய தெய்கெய் இயக்கம் போல நுகர்வோர் குடும்பங்களே விவசாயியுடன் நேரடியாகக் கைகோத்தால் போதாதா என்று கேட்கலாம். அந்த உறவு விளைச்சல் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் நிலம் பறிபோவதைத் தடுக்காது. பட்டா உள்ளவர்களும் பூச்சிமருந்து அடிக்கிறார்களே என்பது நியாயமான மறுப்பு. நில உரிமை மட்டும் யாரையும் இயற்கை விவசாயி ஆக்கிவிடாது. ஆனால் அது இல்லாதவருக்குத் தொடங்கும் துணிவே வராது.