கம்பெனி ரைட்டர்களின் தமிழ்ப் பரீட்சை

என் பேத்தி பி.காம். முடித்துவிட்டு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். காட்டுமன்னார்கோயிலில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அவளுக்குப் பயிற்சி நிலையம். நேரில் போய்ப் படிக்க வேண்டுமென்றால் சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டும். அதற்கு அவள் அப்பாவின் வருமானம் இடம் கொடுக்காது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மடிக்கணினியில் பாடம் கேட்கிறாள்.

கணக்கு அவளுக்குப் பிரச்சினை இல்லை. ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பகுதியில்தான் தட்டுகிறது. கேட் தேர்வு மொத்தம் இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, பகுதிக்கு நாற்பது நிமிடம். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். கொடுத்த விடைகளில் தவறானதைத் தொட்டால் ஒன்று கழியும். ஒருநாள் மாதிரித் தேர்வு முடிந்து இறங்கி வந்தவள், "தாத்தா, அர்த்தம் புரியுது. ஆனா புரியறதுக்குள்ள நேரம் போயிடுது. நீங்க ஸ்கூல்ல இங்கிலீஷே படிக்காம எப்படி ஆபீஸ்ல காலம் தள்ளினீங்க?" என்றாள்.

காலம் தள்ளின கதை எனக்கும் உண்டு. ஆனால் அதில் என்னைத் தடுத்தது ஆங்கிலம் இல்லை, தமிழ்!

அப்பாவுக்குப் புதுச்சேரியில் உத்தியோகம். நான் படித்தது முழுக்கப் பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்டில். நடுவே இருந்த எங்களைப் போன்ற பிள்ளைகள் பிரெஞ்சிலேயே தொடர்ந்தோம். அப்பா காலமானதும் அம்மா பிறந்த ஊரான காட்டுமன்னார்கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். நான் எப்படியோ தமிழ்நாட்டு அரசு வேலையில் எழுத்தராக நுழைந்துவிட்டேன். நுழைந்த பிறகுதான் என் பள்ளிச் சான்றிதழில் தமிழ் ஒரு பாடமாக இல்லை என்பதை ஒருவர் கண்டுபிடித்தார். தமிழ் படிக்காதவர்கள் குறித்த காலத்துக்குள் மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்பது விதி. "நான் தமிழன்தானே சார்" என்றேன். "ரெக்கார்டுல இல்லையே" என்றார் மேலாளர். அவர் சொன்னதும் சரிதான். தேறும்வரை ஆண்டு ஊதிய உயர்வு நின்றது.

வீட்டில் பேசிய தமிழ் வேறு, பரீட்சைத் தமிழ் வேறு. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதே எனக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் திண்ணையில் உட்கார வைத்து ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் உறவுக்காரர் ஒருவருக்குப் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன். அதற்கான காகிதங்களை நான் எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான் கணக்கு.

இந்த மொழித் தேர்வு யார் தலையில் உதித்தது என்று அப்போது எரிச்சலாக இருந்தது. பல வருடம் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான், அதற்கு முன்னோடியான ஒன்று சென்னைக் கோட்டையில் இருந்ததைத் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு வியாபாரக் கம்பெனி தன் பையன்களுக்கு வைத்த பரீட்சை. பேத்தி எழுதப்போகும் தேர்வோடு அதை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேரும் இளைஞனுக்கு முதல் பதவி 'ரைட்டர்', அதாவது எழுத்தர். அதற்கு மேல் ஃபேக்டர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் என்று ஏணி போகும். பெயர்களைப் பார்த்தாலே கடை நடத்த வந்தவர்கள் என்று தெரியும். (நம் காவல் நிலையங்களில் 'ரைட்டர்' இன்றும் இருக்கிறார்.) இந்தப் பையன்களைத் தயார் செய்ய 1806இல் இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கே சேரக் கம்பெனி இயக்குநர் ஒருவருடைய சிபாரிசு வேண்டும். பதினாறு, பதினேழு வயதில் சேர்ந்து, சட்டமும் பொருளாதாரமும் கொஞ்சம் கீழ்த்திசை மொழிகளும் படித்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். சென்னை மாகாணத்தில் கச்சேரி நடத்தத் தேவையான தமிழ் அங்கே கிடைக்கவில்லை.

சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுத முனைந்த அதே எல்லிஸ்தான். அவர் திட்டப்படி 1812இல் சென்னைக் கல்விச் சங்கம் என்று நாம் சொல்லும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. அப்போது கம்பெனி இன்னும் வியாபாரிதான். இந்திய வணிகத்தில் அதன் தனியுரிமை அடுத்த வருடம், 1813இல்தான் போனது. புதிதாக வந்திறங்கும் ரைட்டர்கள் இங்கே இந்த நாட்டு மொழிகளைப் படித்துத் தேறினால்தான் உத்தியோகம். தேறத் தேற மாதப் படி உயரும். நன்றாகத் தேறினால் பணப் பரிசும் உண்டு. வேலை பார்க்காமல் சம்பளம் வாங்கிக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவர்கள் அவர்கள்! என் பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "கொடுத்து வெச்சவங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஆனால் அவர்களுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. படிக்கப் புத்தகம் இல்லை. தமிழில் இருந்தவை பெரும்பாலும் செய்யுள்; சூத்திரமும் உரையும். வரிவசூல் பேச வந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு நன்னூலைக் கொடுத்து என்ன செய்வது? ஆகவே கல்லூரியே புத்தகம் தயாரிக்க வேண்டியதாயிற்று. அங்கே தமிழ்த் தலைமை ஆசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தை எளிய உரைநடையில் எழுதினார். 1826இல் அது அச்சானது. இலக்கணத்தைக் கேள்வியும் பதிலுமாக அமைத்து 'இலக்கண வினாவிடை' என்று ஒரு நூலும் செய்தார். கேள்வி-பதில் என்றதும் எனக்கு நம் கடைத்தெருவில் மாணவர்கள் வாங்கும் கைடுகள்தான் நினைவுக்கு வந்தன.

இதில் என் ஊர்ப்பாசத்துக்கு ஒரு தீனியும் இருக்கிறது. அந்தக் கல்லூரியில் இருந்த முத்துசாமி பிள்ளை புதுச்சேரிக்காரர். வீரமாமுனிவர் எழுதியவற்றைத் தேடித் திரட்ட எல்லிஸ் அவரைத் தெற்கே அனுப்பினார். முனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, எங்கள் ஊரைப் போலவே கொள்ளிடத்துக்கு வடகரையில், மேற்கே இருக்கிறது. திரும்பி வந்த முத்துசாமி பிள்ளை வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் தமிழில் எழுதினார். முனிவரின் பரமார்த்த குரு கதையை, சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்த பாபிங்டன் 1822இல் லண்டனில் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டார். அந்த மட்டிக் குருவும் சீடர்களும் வெள்ளைக்காரப் பையன்களுக்குத் தமிழ் வாசகப் புத்தகமாக ஆனதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பரீட்சைக்காகச் செய்த இந்தப் புத்தகங்கள் பிறகு நம் பிள்ளைகள் கைக்கும் வந்தன. தமிழ் உரைநடை வளர்ந்த பாதையில் அவற்றுக்கு ஓர் இடம் உண்டு.

பையன்களில் பலர் பின்னால் கலெக்டர்களாகவும் நீதிபதிகளாகவும் ஆனார்கள். பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்த முன்ஷிகளில் இரண்டு மூன்று பேரைத் தவிர மற்றவர்களை யாருக்கும் தெரியாது.

இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் கற்ற ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 'எக்ஸாமென்' என்றால் இத்தனை மதிப்பெண் வாங்கியவர் எல்லாரும் தேறிவிடுவார்கள். 'கோங்கூர்' என்றால் இடம் இத்தனைதான். முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும். நாம் இரண்டையும் பரீட்சை என்றே சொல்லிவிடுகிறோம். கோட்டைக் கல்லூரியில் நடந்தது எக்ஸாமென். உட்கார்ந்து படித்தால் எவனும் தேறலாம், முன்ஷி கைவிடமாட்டார். நான் எழுதிய மொழித் தேர்வும் அதே ஜாதி.

1855இல் நிலைமை மாறியது. சிபாரிசு போய், லண்டனில் திறந்த போட்டித் தேர்வு வந்தது. கோட்டைக் கல்லூரியை அதற்கு முந்தைய வருடமே மூடியிருந்தார்கள். ஹெய்லிபரியும் 1858இல் மூடியது. சிபாரிசு ஒழிந்தது நல்லதுதான். ஆனால் மெக்காலே குழு வகுத்த மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. பிரெஞ்சுக்குக்கூட 375! தமிழுக்கு இடமே இல்லை. தேர்வான பிறகு பணியிடத்து மொழியைப் படித்துக்கொண்டால் போதும். லண்டனில் இதற்கென்றே உருப்போட வைக்கும் தனிப்பயிற்சி ஆசிரியர்கள் முளைத்தார்கள். நம் ஆட்கள் கப்பலேறிப் போய்த்தான் எழுத வேண்டும். 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் உச்ச வயதை 19 ஆகக் குறைத்தார்கள். இந்தியாவிலேயே எழுதலாம் என்று ஆனது 1922இல்.

எம்.பி.ஏ. தேர்வு இந்தக் கோங்கூர் வம்சம். அமெரிக்காவில் வணிகப் பள்ளிகள் சேர்ந்து, இன்று ஜிமேட் என்று பெயர் பெற்ற தேர்வை முதலில் நடத்தியது, எங்கள் புதுச்சேரி கைமாறிய அதே 1954இல். 1961 இறுதியில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் வந்தன. ஒன்றுக்கு எம்ஐடி துணை, மற்றதற்கு ஹார்வர்டு துணை. திருச்சிக்கு ஓர் ஐஐஎம் வர 2011 ஆனது. கேட் தேர்வுக்கு இப்போது வருடத்துக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் பதிவு செய்கிறார்கள். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். நம் மாநிலத்தில் பொறியியல், மருத்துவத்துக்கு 1984இல் கொண்டுவந்த நுழைவுத் தேர்வை, கிராமத்துப் பிள்ளைகள் பயிற்சிக்கு எங்கே போவார்கள் என்று கேட்டுத்தான் 2007இல் எடுத்தார்கள். எம்.பி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் அப்படியே இருக்கிறது. கிராமத்துப் பிள்ளை எம்.பி.ஏ. படிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. பேத்தி அதற்கும் சேர்த்தே படிக்கிறாள்.

எனக்குக் கிடைத்த திண்ணையை அவளுக்கு எப்படித் தருவது என்று யோசித்தேன். என் ஆங்கிலம் பிரெஞ்சு வழியாக வந்தது. உச்சரிப்பைக் கேட்டால் அவள் சிரிப்பாள். ஆனால் பத்தியைப் பிரித்துப் போடும் வித்தையை எங்கள் பிரெஞ்சு வாத்தியார்கள் நன்றாகப் புகட்டியிருந்தார்கள். இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு தலையங்கம். அவள் ஒருமுறை மட்டும் படிக்க வேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார், எந்த இடத்தில் நழுவுகிறார் என்று தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் இரண்டு பேருக்கும் சண்டை. "தமிழ்ல சொல்லி என்ன தாத்தா ஆகப்போகுது, கேள்வி இங்கிலீஷ்லதானே வரும்" என்றாள். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் உனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றேன். மூன்று வாரத்தில் பன்னிரண்டு நிமிடம் பிடித்த பத்தி எட்டு நிமிடத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் குறைய வேண்டும் என்கிறாள்.

தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. மையத்துக்கு முதல் விருப்பமாகப் புதுச்சேரியைப் போட்டிருக்கிறாள். விடிவதற்கு முன் பஸ் ஏறிச் சிதம்பரம், கடலூர் வழியாகப் போக வேண்டும். நானும் கூடப் போகிறேன். அவள் உள்ளே இருக்கும் இரண்டு மணி நேரமும் எங்கே உட்காருவது என்று என் மனைவி கேட்கிறாள். அந்த ஊரில் எனக்கு உட்கார இடமா இல்லை?